ரேடாரை அணைக்கத் தெரிந்த எதிரி: சிமுலேட்டரில் சாம் தளங்களோடு நாலு வருடம்

முதல் தடவை அது நடந்தபோது 18,000 அடியில் இருந்தேன். எஃப்-16, இறக்கையில் இரண்டு ஹார்ம் (ரேடார் அலையைத் தேடிப் போய்த் தாக்கும்) ஏவுகணைகள், வலப்பக்கம் நண்பனின் விமானம். கிளம்பிப் பதினோரு நிமிடம் ஆகியும் ஆர்டபிள்யூஆர் திரையில் எங்கோ தூரத்துத் தேடும் ரேடாரின் குறி மட்டும்தான். (எதிரி ரேடார் நம்மேல் படுவதைக் காக்பிட்டில் காட்டும் கருவிதான் ஆர்டபிள்யூஆர்.) "ஒண்ணுமே காணோம்டா, இன்னும் கொஞ்சம் உள்ள போலாமா?" என்று ஹெட்செட்டில் கேட்டான். போனோம். திரையில் 6 என்ற எண் முளைத்தது, எஸ்ஏ-6 ஏவுகணைத் தள ரேடாரின் குறி அது. கீச்சென்று ஒரு சத்தம், கூடவே ஏவுகணை எச்சரிக்கை. மலைச்சரிவிலிருந்து வெள்ளைப் புகை எழுந்ததை நான் பார்த்தேன், அவன் பார்க்கவில்லை. அரை நிமிடத்துக்குள் அவன் விமானம் இரண்டாகப் போனது. அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்து ஹார்மை விடப் போனால் குறியே இல்லை. ரேடாரை அணைத்துவிட்டார்கள்.

அதுவரை நான் பழகிய சாம் தளங்கள், அதாவது தரையிலிருந்து வானுக்கு ஏவும் ஏவுகணைத் தளங்கள், வேறு மாதிரி. மிஷன் தொடங்கியதும் ரேடாரைப் போட்டுவிடும். அப்புறம் யாராவது வந்து அழிக்கும்வரை அது எரிந்துகொண்டே இருக்கும். வரைபடத்தில் அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். வட்டத்துக்கு வெளியே நின்று ஹார்ம் விட்டால் போதும், அது ரேடார் அலையைப் பிடித்துக்கொண்டு நேராகப் போய் விழும். பல வருடம் இப்படித்தான் பறந்தேன், இதையே சாம் வேட்டை என்றும் நம்பினேன்.

அன்று மாறியிருந்தது ஒன்றுதான். எங்கள் குழுவில் மிஷன் எழுதும் தம்பி, ஸ்கைநெட் ஐஏடிஎஸ் (ஐஏடிஎஸ் என்றால் ஒருங்கிணைந்த வான் பாதுகாப்பு அமைப்பு) என்ற இலவச ஸ்கிரிப்டை, அதாவது லுவா மொழியில் எழுதிய சிறு நிரலை, உள்ளே சேர்த்திருந்தான். அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லா மிஷனிலும் அது இருக்கிறது. நாலு வருடம் ஆகிவிட்டது என்பதால், எது நிஜத்துக்குப் பக்கத்தில் வந்தது, எது இன்னும் வரவில்லை என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

அந்த ஸ்கிரிப்ட் செய்யும் வேலையின் சாரம், தனித்தனியாக நிற்கும் தளங்களை ஒரு வலையாகக் கட்டுவது. தொலைதூரத் தேடும் ரேடார்கள் மட்டும் சுழன்றுகொண்டிருக்கும். ஏவுகணைத் தளங்கள் வாயைத் திறக்காது. இலக்கு தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று வலை சொன்னால்தான் தளத்தின் ரேடார் விழிக்கும். வேகமாகப் பாய்ந்து வருவது ஹார்ம் என்று தெரிந்தால் அணைந்துகொள்ளும். தளத்துக்கு மின்சார மூலம், தகவல் தொடர்பு முனை, கட்டளை மையம் ஆகியவற்றையும் இணைத்து வைக்கலாம். ஜெனரேட்டரைக் குண்டுவைத்து அழித்தால் தளம் இருட்டாகிவிடும். தொடர்பு அறுந்தால் தளம் தன் விருப்பப்படி ரேடாரைப் போட்டுக்கொண்டு சண்டையிடலாம், அல்லது அடங்கிக் கிடக்கலாம். எது என்பதை மிஷன் எழுதுபவர் முடிவு செய்கிறார். நான் தளத்துக்குத் தளம் மாற்றி வைப்பேன், ஏனென்றால் எல்லாப் படைப்பிரிவும் ஒரே மாதிரி பயிற்சி பெற்றிருக்காது.

இதெல்லாம் யாரோ கற்பனையில் செய்த விஷயம் இல்லை. 1995 ஜூன் 2 அன்று போஸ்னியாவில் ஒரு அமெரிக்க எஃப்-16 விழுந்தது இப்படித்தான். கூப் தளம், நேட்டோ மொழியில் எஸ்ஏ-6, ரேடாரைக் கடைசி நேரம்வரை போடவே இல்லை. 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் எஃப்-117 விமானத்தை வீழ்த்திய எஸ்-125 படைப்பிரிவு, ஒவ்வொரு முறையும் சில நொடிகள் மட்டும் ரேடாரைப் போட்டு, இடத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தது. அந்த எஸ்-125 அறுபதுகளின் தொடக்கத்தில் சேவைக்கு வந்த அமைப்பு. பழைய கருவி, ஆனால் எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று அறிந்த ஆட்கள். சிமுலேட்டர்களில் எனக்குக் குறையாகப் பட்டது அந்த ஆட்கள்தான். ஏவுகணையின் வேகம், வீச்சு, புகையின் நிறம் எல்லாம் நன்றாகவே இருந்தன.

தொடக்கத்தில் நானும் தப்பாகத்தான் அமைத்தேன். கூப்பின் வீச்சு சுமார் 24 கிலோமீட்டர். அந்த எல்லையைத் தொட்ட உடனே ரேடார் விழிக்கும்படி விட்டிருந்தேன். விளைவு, ஒவ்வொரு ஏவுகணையும் கடைசிக் கிலோமீட்டரில் மூச்சுவாங்கியபடி வந்து சேரும். விமானத்தைத் திருப்பிக் கொஞ்சம் கீழே இறக்கினாலே தப்பிவிடலாம். வரைபடத்தின் வட்டம் செய்யும் ஏமாற்று இதுதான். நேராக, உயரமாக, நம்மை நோக்கியே வரும் விமானத்துக்குத்தான் அந்த 24. திரும்பி ஓடும் விமானத்துக்கு அதில் பாதிகூட இருக்காது. ஸ்கிரிப்டில் எத்தனை சதவீத வீச்சில் விழிக்க வேண்டும் என்று ஒரு எண் கொடுக்கலாம். அதை 65 ஆக்கினேன். 15 கிலோமீட்டர் சொச்சத்தில் ரேடார் விழித்தால் விமானிக்கு 20, 25 நொடிதான் இருக்கும், ஏவுகணையிடமும் போதுமான வேகம் மிச்சம் இருக்கும். இந்த ஒரே எண்ணை மாற்றியதில் கிடைத்த பயம், புதிய ஏவுகணை மாடல் எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த தப்பு தேடும் ரேடாரை வைத்த இடம். ஊர்களுக்கு நடுவே, பள்ளத்தாக்கில், பார்க்க அழகாக வைத்திருந்தேன். இரண்டு விமானங்கள் மலைக்கு அந்தப் பக்கமாகவே வந்து, வலை முழுவதும் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கட்டளை மையத்தை அழித்துவிட்டுப் போய்விட்டன. அதன் பிறகுதான் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்தது. ஆண்டெனா உயரத்தின் வர்க்கமூலம், விமான உயரத்தின் வர்க்கமூலம், இரண்டும் மீட்டரில். கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் ரேடார் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஆண்டெனா 10 மீட்டர், விமானம் 50 மீட்டர் என்றால் 42 கிலோமீட்டர். ரேடாரின் விவரக்குறிப்பில் 200 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கலாம், அந்த 50 மீட்டர் விமானத்துக்கு அது செல்லாது. இதுவும் சமதரைக்குத்தான். நடுவில் ஒரு குன்று இருந்தால் கதை முடிந்தது. இப்போது ரேடார் வைப்பதற்கு முன் ஒவ்வொரு திசையிலும் எது மறைக்கிறது என்று பார்த்துவிட்டு, ஓட்டை விழும் இடத்தில் சின்னதாக இன்னொரு ரேடார் வைக்கிறேன். சில ஓட்டைகளை வேண்டுமென்றே விடுவேன். தேடிக் கண்டுபிடிக்கும் விமானிக்கு அது பரிசு.

என் பார்வையை மொத்தமாக மாற்றியது வேறொன்று. ஹங்கேரியிலிருந்து வந்த சாம் சிமுலேட்டர் என்ற இலவச மென்பொருள். அதில் நாம் பறப்பதில்லை, தரையில் வண்டிக்குள் உட்கார்ந்து பழைய சோவியத் தளங்களை இயக்குகிறோம். எஸ்-75 தளத்தை எடுத்துக்கொண்டால், நிஜத்தில் தூரத்துக்கு ஒருவர், கிடைக்கோணத்துக்கு ஒருவர், ஏற்றக்கோணத்துக்கு ஒருவர் என மூன்று பேர் கைச்சக்கரம் சுற்றி இலக்கைக் கோட்டின் நடுவில் பிடித்து வைத்திருப்பார்கள். அந்த மூன்று வேலையும் நம் தலையில் விழும். திரையில் மங்கலாக ஒரு கோடு, சுற்றிலும் இரைச்சல். ஜாமர், அதாவது ரேடாரைக் குழப்பும் கருவி, போட்ட விமானம் வந்தால் அந்தக் கோடும் வெள்ளைப் பட்டையில் கரைந்துவிடும். தூரம் தெரியாது, திசை மட்டும் தெரியும். அப்போது மூன்று புள்ளி முறையில், அதாவது ரேடாரையும் இலக்கையும் இணைக்கும் கோட்டிலேயே ஏவுகணையைச் செலுத்தி முயன்று பார்க்க வேண்டும்.

அங்கே ஒரு சுவிட்ச் இருக்கிறது. ரேடாரின் சக்தியை ஆண்டெனாவுக்கு அனுப்பாமல், உள்ளேயே ஒரு போலிச் சுமைக்குத் திருப்பிவிடுவது. எல்லாம் சூடாகித் தயாராக இருக்கும், வெளியே ஒரு துளி அலைகூடப் போகாது. சுவிட்சைத் தட்டினால் அந்த நொடியே ரேடார் உயிரோடு இருக்கும். இதைக் கையால் செய்து பார்த்த அன்றுதான், காக்பிட்டில் திடீரென்று முளைத்த அந்த 6 எனக்குப் புரிந்தது. "அதெப்படி ஒரு நொடியில் ரேடார் போடுவாங்க, இது ஏமாத்து வேலை" என்று சண்டை போட்ட நண்பனையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். அரை மணி நேரம் பேசாமல் சுற்றிக்கொண்டிருந்தான். கடைசியில் அவன் கேட்டது, "ஹார்ம் வர்றது இதுல எப்படிடா தெரியும்?" என்றுதான்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். இவை ஏதோ ஒரு தயாரிப்பின் குறைகள் இல்லை. நான் பறந்து பார்த்த எல்லாச் சிமுலேட்டரிலும் கூடவோ குறையவோ இருப்பவை.

பெரிய குறை ஜாமர். அது பெரும்பாலும் ஒரு பொத்தான்தான். போட்டால் எதிரிக்கு நம் தூரம் தெரியாது, குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்ததும் தெரிந்துவிடும். எந்த அலைவரிசை, எந்த உத்தி, எந்தப் பக்கம் நோக்கி என்ற கேள்விகளே இல்லை. சாஃப் எனப்படும் உலோக இழைகளும் அப்படியே. கொட்டினால் உள்ளே ஒரு பகடை உருளுகிறது. நிஜத்தில் டாப்ளர் பார்க்கும், அதாவது நெருங்கும் வேகத்தை வைத்து இலக்கைப் பிரித்தறியும், ரேடாருக்குக் காற்றில் நின்றுவிடும் சாஃப் தரைபோலத்தான் தெரியும். ரேடாருக்குச் செங்குத்தாகத் திரும்பி நம் நெருங்கும் வேகத்தைப் பூஜ்யமாக்கிக்கொண்டு சாஃப் கொட்டினால்தான் அதற்கு அர்த்தம். அப்புறம் ரேடார் குறுக்குவெட்டு, அதாவது ரேடாருக்கு விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்ற அளவு. மூக்கைக் காட்டினாலும் வயிற்றைக் காட்டினாலும் விமானத்துக்குப் பல இடங்களில் ஒரே எண்தான். கண்டுபிடிக்கும் தூரம் அந்த எண்ணின் நான்காம் மூலத்தில் மாறுவது, அதாவது குறுக்குவெட்டு 16-இல் ஒரு பங்கானால் தூரம் பாதியாவது, சூத்திரத்தில் சரியாக இருந்து என்ன பயன்? உள்ளே போகும் எண்ணே மாறாமல் நிற்கிறதே. திருப்பத்தில் முதுகைக் காட்டியதும் பளிச்சென்று தெரிய வேண்டிய விமானம் தெரியாமலே போகிறது. இதைச் சரிசெய்ய ஸ்கிரிப்டால் முடியாது, சிமுலேட்டரின் அடித்தளத்தில்தான் செய்ய வேண்டும்.

ஆட்களின் விஷயத்தில் ஸ்கிரிப்டால் நிறைய முடியும். என் மிஷன்களில் நான் சேர்த்தவை சின்னச் சின்ன விஷயங்கள். ஒரு தளம் சுட்டு முடித்ததும் இரண்டு முதல் ஆறு நிமிடம்வரை ஏதோ ஒரு நேரம் மௌனமாகும். கூப், பூக் போன்ற சங்கிலித் தடத்தில் ஓடும் தளமாக இருந்தால் இடம் மாறிவிடும். பூக் தளம் ஐந்து நிமிடத்தில் கிளம்பத் தயாராகிவிடும் என்பதால் திரும்பி வரும் விமானி பழைய இடத்தில் சங்கிலித் தடத்தின் சுவட்டைத்தான் பார்ப்பான். சில ஆட்டங்களில் ஒரு தளத்துக்குப் பதற்றக்கார அதிகாரியை வைப்பேன். அவர் 95 சதவீத வீச்சிலேயே ரேடாரைப் போட்டு, ஏவி, வீணடிப்பார். அவரைப் பார்த்துவிட்டு எல்லோரும் இப்படித்தான் என்று நம்பி அடுத்த பள்ளத்தாக்குக்குள் போகும் விமானிக்கு 60 சதவீதக்காரர் காத்திருப்பார்.

போலி இலக்குகள் வேலை செய்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. 1982 ஜூனில் பெக்கா பள்ளத்தாக்கில் இஸ்ரேல் ஆளில்லா விமானங்களை முன்னால் அனுப்பி, சிரியாவின் ரேடார்களை விழிக்க வைத்து, அப்புறம் அடித்தது. நாங்களும் டால்டு என்ற கிளைடர் போலிகளை 30,000 அடியிலிருந்து விட்டுப் பார்த்தோம். வலை அவற்றை விமானம் என்று நம்பியது. இரண்டு கூப் தளங்கள் விழித்தன. மூன்றாவது விழிக்கவில்லை, அதைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.

கணினிச் சுமையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பத்துப் பன்னிரண்டு தளங்கள்வரை எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. நாற்பதைத் தாண்டினால் தெரியும். ஆனால் நாற்பது தளம் வைக்கத் தேவையே இல்லை. எங்கே இருக்கிறது என்று தெரியாத நாலு தளம் போதும்.

குழுவில் எல்லோருக்கும் இது உடனே பிடித்துவிடவில்லை. ஒரு மணி நேரம் பறந்து ஒரு ஹார்ம்கூட விடாமல் திரும்புவது என்ன விளையாட்டு என்று இரண்டு பேர் விலகிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் உட்காருபவருக்கு வெடிச் சத்தம் வேண்டும் என்பது நியாயம்தான். அவர்களுக்காக வாரத்தில் ஒரு நாள் பழைய மாதிரி ரேடார் எரிந்துகொண்டே இருக்கும் மிஷன் வைக்கிறோம். இப்போது ஒருவர் மற்ற நாட்களிலும் எட்டிப் பார்க்கிறார்.

போன வாரம் ஆறு பேர் போனோம். நாலு பேரிடம் குண்டு, இரண்டு பேரிடம் ஹார்ம். இலக்குக்கு 20 மைல் இருக்கும்போது ஆர்டபிள்யூஆரில் ஒரு 6, பன்னிரண்டு நொடி எரிந்துவிட்டு அணைந்தது. ஏவுகணை எதுவும் வரவில்லை. குண்டு வைத்திருந்த நாலு பேரும் பாரத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரையோரமாக இறங்கிவிட்டார்கள். நானும் இன்னொருவனும் எரிபொருள் கோட்டைத் தொடும்வரை அந்த மலையைச் சுற்றினோம். அது மறுபடி விழிக்கவே இல்லை. இலக்குப் பாலம் முழுசாக நிற்க, நாங்கள் இரண்டு ஹார்மையும் அப்படியே சுமந்துகொண்டு ஓடுபாதைக்குத் திரும்பினோம்.