கால் விரல் வலிக்குதுன்னு போனா கையில கம்பியைக் குடுக்குறாங்களா? எந்திரிச்சு வந்துருங்க

அடியும் படல, எதுலயும் இடிச்சுக்கவும் இல்ல, ஆனா விரல் மட்டும் வலிக்குதுன்னு உங்க வீட்ல யாராச்சும் சொன்னா, முக்கியமா சுகர் இருக்குறவங்க, பீடி சிகரெட் பழக்கம் உள்ளவங்க சொன்னா, தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க.

எங்க மாமாவுக்கு, அதாவது அம்மாவோட தம்பிக்கு, ரெண்டுமே உண்டு. இடது கால் சுண்டுவிரல்ல வலி. பகல்ல அவ்வளவா தெரியாது, ராத்திரி படுத்தா உயிர் போகும், எந்திரிச்சு கட்டில் ஓரத்துல காலைத் தொங்கப் போட்டு உக்காந்தா கொஞ்சம் அடங்கும், அப்படியே சுவத்துல சாஞ்சு தூங்கிருவாரு. அந்த நேரம் பாத்து ஒரு வலி நிவாரண சென்டர்காரங்க கல்யாண மண்டபத்துல இலவச முகாம்னு நோட்டீஸ் குடுத்தாங்க, அத்தை கூட்டிட்டுப் போயிட்டாங்க.

அங்க லேப்டாப்ல ஒயர் மாட்டுன ஒரு கம்பியை உள்ளங்கையில கொஞ்ச நேரம் பிடிக்கச் சொல்லியிருக்காங்க, உடனே கல்லீரல் கிட்னி எலும்பு கொலஸ்ட்ரால் யூரிக் ஆசிட்னு எல்லாத்துக்கும் நம்பர் போட்டு பக்கம் பக்கமா ரிப்போர்ட். ஒரு சொட்டு ரத்தம் எடுக்கல. கம்பியைப் பிடிச்சா யூரிக் ஆசிட் எவ்வளவுன்னு எந்த மெஷினாலயும் சொல்ல முடியாதுங்க, அதுக்கு ரத்தம் எடுத்து லேப்ல பாக்கணும். எனக்கு இன்னும் ஆத்திரம் என்னன்னா, வலிக்குற கால் கண்ணு முன்னாடி இருக்கு, அந்தக் காலை அங்க ஒருத்தரும் தொட்டுக்கூடப் பாக்கல.

யூரிக் ஆசிட் உப்பு விரல்ல தேங்கி நிக்குதுன்னு சொல்லி ஒரு பேக்கேஜைத் தலையில கட்டிட்டாங்க. லேபிளே இல்லாத பொடி, தேய்க்க எண்ணெய், பாதத்தை வைக்குற வைப்ரேட்டர், தினமும் கல்லுப்பு போட்ட சுடுதண்ணியில காலை முக்கணும். மொத்தம் 18,000 ரூபா. பில் கேட்டா ஒரு துண்டுச் சீட்டு.

ரொம்ப நாளா சுகர் இருந்தா பாதத்துல உணர்ச்சி குறையும், தண்ணி எவ்வளவு சூடுன்னு காலுக்குத் தெரியாது. மாமாவுக்குக் கொப்புளம் போட்டுருச்சு. போன் பண்ணி கேட்டா, கெட்ட நீர் வெளிய வருது நல்லதுதான், நிறுத்திராதீங்கன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புறாங்க. கொப்புளம் புண்ணாகி, விரல் நீலம் பாரிச்சு, நுனி கருத்த பிறகுதான் எனக்கு போட்டோவே வந்துச்சு. அன்னைக்கே கெளம்பிப் போயி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம்.

அங்க இருந்த டாக்டரம்மா மொதல்ல ரெண்டு காலையும் தொட்டு சூடு ஒரே மாதிரி இருக்கான்னு பாத்தாங்க. பாதத்து மேலயும் கணுக்காலுக்கு உள்பக்கம் பின்னாடியும் நாடி பிடிச்சாங்க, இடது கால்ல கிடைக்கவே இல்ல. காலைத் தூக்கிப் பிடிச்சா வெளுக்குது, தொங்கப் போட்டா சிவக்குது. கணுக்கால்ல எடுத்த பிபியை கையில எடுத்த பிபியால வகுத்துப் பாப்பாங்களாம், 0.9க்குக் கீழ வந்தா கால் ரத்தக்குழாய்ல அடைப்பு, ஆனா சுகர்காரங்களுக்குக் குழாய் கெட்டிப்பட்டுப் போயி நம்பர் நார்மல் மாதிரியும் காட்டலாம்னு ரத்த ஓட்டத்தைப் பாக்குற டாப்ளர் ஸ்கேனும் எடுத்தாங்க. படுத்தா வலி, தொங்கப் போட்டா நிம்மதிங்குறது ரத்தம் பத்தாத காலோட முக்கியமான அடையாளம், தொங்கும்போது கொஞ்சமாச்சும் ரத்தம் கீழ இறங்குது. மாமா இதையேதான் அந்த சென்டர்ல வாய்விட்டு சொல்லியிருக்காரு, கேக்க ஆள் இல்ல. பலூன் வச்சு அடைப்பை சரி பண்ணாங்க, கால் தப்பிச்சுது, சுண்டுவிரல எடுக்க வேண்டியதாயிருச்சு.

யூரிக் ஆசிட் வலியே பொய்னு நான் சொல்லல. அது பெரும்பாலும் பெருவிரல் அடி மூட்டுல ராத்திரியோட ராத்திரியா ஆரம்பிக்கும், சிவந்து வீங்கி சுடும், போர்வை பட்டாக்கூட தாங்காது. ஆனா ரத்தத்துல யூரிக் ஆசிட் கூட இருந்தா மட்டும் அது அந்த வலின்னு ஆயிராது, வலி உச்சத்துல இருக்கும்போது டெஸ்ட்ல நார்மலா வர்றதும் உண்டு. அதனால பாத்து சொல்ல டாக்டர்தான் வேணும். செருப்பு டைட்டா இருந்து வர்ற வலி, சதையில நகம் குத்துற வலின்னா சுகர் இல்லாதவங்க அகலமான செருப்பு போட்டு, காலுக்கு ரெஸ்ட் குடுத்து ரெண்டு மூணு நாள் பாக்கலாம். சுகர் இருந்தா அந்த ரெண்டு மூணு நாள்கூட காத்திருக்காதீங்க, உடனே டாக்டர்கிட்ட காமிச்சிருங்க. பிளேடால சீவுறது, கடையில விக்குற கார்ன் பிளாஸ்டர் ஒட்டுறது எதுவும் வேணாம், அந்த பிளாஸ்டர்ல இருக்குற ஆசிட் நல்ல தோலையும் அரிச்சிரும். கிட்னி பிரச்சனை உள்ளவங்க மெடிக்கல்ல சும்மா பெயின் கில்லர் வாங்கி முழுங்காதீங்க.

விரல் ஜில்லுன்னு ஆகுது, வெளுக்குது, நீலமோ கருப்போ ஆகுது, திடீர்னு மரத்துப் போகுதுன்னா விடியட்டும்னு இருக்காதீங்க, அந்த நேரமே எமர்ஜென்சிக்குப் போங்க. புண்ணோட காய்ச்சல் இருந்தாலும், சிவப்பு மேல ஏறிக்கிட்டே போனாலும் அதே மாதிரிதான். எங்க போறதுன்னு குழப்பமா இருந்தா தமிழ்நாட்டுல 104க்கு அடிச்சுக் கேக்கலாம்.

சர்க்கரை வியாதி, காலழுகல் ரெண்டையும் குணப்படுத்துறோம்னு மருந்துக்கு விளம்பரம் பண்றதே 1954ல வந்த சட்டப்படி குத்தம். அந்த நோட்டீஸ்ல ரெண்டுமே அச்சடிச்சிருக்கு. நாங்க 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கோம், அந்தப் பொடியை மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸ்ல குடுக்கப் போறோம், ஏன்னா இப்படி லேபிள் இல்லாத பொடியில ஸ்டீராய்டு கலந்து விக்கிறது நடக்குற விஷயம், அது உள்ள போனா சுகர் ஏறும், மாமாவுக்கு அந்த சமயத்துல தாறுமாறா ஏறித்தான் இருந்துச்சு. இதே மாதிரி முகாம்ல நீங்களும் பணம் கட்டியிருந்தா நோட்டீஸ், துண்டுச் சீட்டு, ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாய்ஸ் மெசேஜ், மிச்சம் இருக்குற பொடி எதையும் தூக்கிப் போட்டுறாதீங்க, புகார் குடுக்கும்போது எல்லாம் தேவைப்படும்.