ஸ்பானிய வகுப்புக்கு எந்தப் புத்தகம்?

டெக்சஸ், கலிபோர்னியா பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளை ஸ்பானியம், ஆங்கிலம் இரண்டிலும் நடத்தும் ஆசிரியர்களுக்கு மூன்று வகைப் புத்தகங்கள் கிடைக்கின்றன: ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தவை, இரு மொழியும் அருகருகே அச்சானவை, ஸ்பானியத்திலேயே எழுதப்பட்டவை.

கடையில் மலிந்து கிடப்பவை மொழிபெயர்ப்புகள். தெரிந்த கதை என்பதால் பெற்றோரும் தயங்காமல் வாங்குகிறார்கள். வம்பெல்லாம் 'தொடக்க நிலை' என்ற முத்திரையில்தான். ஆங்கிலப் பாலபாடம் கேட், ஹேட் என்று குட்டிச் சொற்களையும் அவற்றின் ஓசைப் பொருத்தத்தையும் நம்பி ஓடுவது. ஸ்பானியத்தில் பூனை 'காதோ', தொப்பி 'சொம்ப்ரேரோ'. ஓசை போயிற்று, சொல்லும் நீண்டுவிட்டது. நம் உயிர்மெய் வரிசைபோல மா, மே, மீ, மோ, மூ என்று அசை கூட்டிப் படிக்கும் குழந்தை அந்தப் பக்கத்தில் திணறும். ஆங்கில மூலத்துக்குப் போட்ட நிலை எண்ணை அப்படியே நம்பாமல், ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

இருமொழிப் புத்தகம் வீட்டுக்கு ஏற்றது. ஸ்பானியம் அறியாத அம்மாவும் உடன் உட்கார்ந்து படிக்கலாம். வகுப்பில் அது அவ்வளவாக உதவாது. ஆங்கிலம் சரளமாக வரும் பிள்ளையின் கண் தானாக ஆங்கிலப் பாதிக்குத் தாவிவிடும்.

என் ஓட்டு மூன்றாம் வகைக்கே. ஸ்பெயினின் எஸ்.எம். பதிப்பகம் 1978 முதல் வெளியிடும் 'எல் பார்கோ தே வபோர்' வரிசையில் நிறத்தை வைத்தே நிலையை அறியலாம். வெள்ளை, புதிதாகப் படிப்பவர்களுக்கு. மெக்சிகோவில் 1991-இல் தொடங்கிய 'அ லா ஒரியா தெல் வியெந்தோ' இன்னும் நயமானது. வயதைச் சொல்லாமல் 'படிக்கக் கற்பவர்கள்', 'நன்றாகப் படிப்பவர்கள்' என்று பிரிக்கிறது. பின்தங்கிய எட்டு வயதுப் பிள்ளை கூச்சமின்றிக் கையிலெடுக்கலாம். ஸ்பெயின் பதிப்புகளில் நெருக்கமான பலரை விளிக்கும் 'நீங்கள்' என்பதற்கு வரும் 'வொசோத்ரோஸ்' வினைவடிவங்கள் மெக்சிகோ வீட்டுப் பிள்ளைக்குப் புதிது. முதல் பக்கத்திலேயே சொல்லிக் கொடுத்தால் போதும்; அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. உருகுவே எழுத்தாளர் ஒராசியோ கிரோகாவின், 1918-இல் வந்த காட்டுக் கதைகளை ஆசிரியர் படித்துக்காட்டலாம், பிள்ளை தானே படிக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

அட்டையில் பூரா பெல்ப்ரே பதக்கம் இருந்தால் ஸ்பானியப் புத்தகம் என்று எண்ணிவிடாதீர்கள். 1996 முதல் வழங்கப்படும் அந்த விருது லத்தீன் அமெரிக்கப் பின்னணி கொண்ட எழுத்தாளர், ஓவியர்களுக்கானது. ஆங்கில நூல்களும் அதைப் பெறுகின்றன.