குளச்சல் காற்றில் ஆறு ஆண்டுகள்: வெளிச்சுவர் எரிவாயுக் குழாயும் அதன் கிளாம்புகளும்

நாகர்கோவிலில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், சிலிண்டரை வெளியே வைத்து மாடி அடுக்களைக்குச் செம்புக்குழாய் இழுக்கலாமா என்று கேட்டார். கடலோர ஊரான குளச்சலில் எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் அப்படியொரு குழாய் ஆறு ஆண்டுகளாக இருப்பதாலும், சென்ற வாரம்தான் அதைப் பழுது பார்த்தேன் என்பதாலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

14.2 கிலோ வாயு நிரம்பிய சிலிண்டர், இரும்பின் எடையும் சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். அதைப் படியேற்றும் பாடு ஒழிந்தது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படரும் என்பதால், சாக்கடை வாயிலிருந்து தள்ளித் திறந்தவெளியில் சிலிண்டர் நிற்பது நிம்மதி. அடுப்பு எரிவதில் இன்றுவரை குறையில்லை.

என்னை வதைத்தவை, குழாயைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் கிளாம்புகள். செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பீரம் படிந்தால் இரும்புதான் அரிக்கப்படும் என்பது பள்ளிப்பாடம். குழாய் பதித்தவரோ துத்தநாகம் பூசிய இரும்புக் கிளாம்புகளை வெறுஞ்செம்பின்மேல் முடுக்கிவிட்டுப் போனார். இரண்டாவது ஆனி மழைக்குள் பூச்சு போயிற்று. வெள்ளைச் சுவரில் ஒவ்வொரு கிளாம்பின் கீழும் வெற்றிலைச் சாறு வழிந்தாற்போலத் துருக்கோடு. இருமுறை சுரண்டிப் பெயின்ட் அடித்தும் அடுத்த மழையில் அதே இடத்தில் அதே கோடு. இவ்வாண்டு கச்சான் காற்று வலுத்த ஓர் இரவில் நடுவிலிருந்த இரண்டு கிளாம்புகள் அறுந்து, குழாய் சுவரில் டக்டக்கென்று தட்டத் தொடங்கியதும், கீழே ஓடிப்போய் ரெகுலேட்டரை அடைத்துவிட்டு விடியும்வரை விழித்திருந்தேன். காலையில் வாயுவைத் திறந்து இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தபோது ஒரு குமிழ்கூட எழவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். அந்தக் குழாயில் அம்மா துணிக்கொடி கட்டியிருந்ததையும் மறைப்பதற்கில்லை. ஈரப்போர்வையின் பாரத்துக்கும் இதில் பங்குண்டு.

இப்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உள்ளே ரப்பர் வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்புகளை நெருக்கமாகப் போட்டிருக்கிறேன். முதல் நாளே இவற்றை வைத்திருந்தால் கூடுதலாக ஆகியிருக்கும் பணம், ஒருமுறை பெயின்ட் அடித்த கூலிக்குக்கூட வராது, அதுதான் ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் நண்பரிடம், கடலோரக் காற்று எட்டும் சுவரென்றால் குழாயே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக் குழாயைக் கழற்றும் எண்ணம் எனக்கில்லை.