கண் கட்டிகளுக்கான புரதப் பரிசோதனைச் சேவை: சாயம் நன்று, அறிக்கை அரைகுறை

கண்ணிலும் இமையிலும் எடுக்கும் பயாப்ஸித் துண்டுகளை ஓராண்டாக ஒரு தனியார் ஆய்வகத்தின் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி (திசுவிலுள்ள குறிப்பிட்ட புரதங்களைச் சாயமேற்றிக் காட்டும் முறை) பிரிவுக்கு அனுப்பி வருகிறேன். செதிள் செல் (மேற்படலத்தின் தட்டையான செல்) கட்டி என்று சந்தேகம் வந்தால் கீ-67, பி53, பி16, இஎம்ஏ, பெர்-இபி4, அடிபோஃபிலின் ஆகிய ஆறு புரதக் குறிப்பான்களையும் ஒரே தொகுப்பாகப் பார்த்துத் தருகிறார்கள்.

இமைக் கட்டிகளில்தான் இந்தத் தொகுப்பு கொடுத்த காசுக்கு உழைக்கிறது. வழக்கமான சாயத்தில் செதிள் செல் புற்றும், அடித்தளச் செல் புற்றும், எண்ணெய்ச் சுரப்பிப் புற்றும் சில நேரங்களில் ஒன்றுபோலவே தோன்றும். பெர்-இபி4 சாயம் ஏறி, இஎம்ஏ சாயம் ஏறாமல் இருந்தால் அடித்தளச் செல் புற்றின் பக்கமும், இது தலைகீழானால் செதிள் செல் புற்றின் பக்கமும் முடிவு சாயும். அண்மையில் அனுப்பிய ஒரு துண்டில், அடிபோஃபிலின் கொழுப்புத் துளிகளைச் சுற்றிச் சின்னச் சின்ன வளையங்களாகப் படிந்து, நான் செதிள் செல் புற்று என எண்ணியிருந்ததை எண்ணெய்ச் சுரப்பிப் புற்று என்று காட்டிக்கொடுத்தது.

சாயமேற்றும் வேலையில் குறை சொல்ல இடமில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் ஒப்பீட்டுக்கு டான்சில் திசுவை வைக்கிறார்கள். கருவிழி விளிம்பில் மெலனின் மிகுந்த துண்டு என்று குறிப்பிட்டு அனுப்பினால், பழுப்புச் சாயம் நிறமியோடு குழம்பாதபடி சிவப்புச் சாயத்துக்கு மாறிக்கொள்கிறார்கள். (வெண்படலத் துண்டு, அதாவது வெள்ளை விழியை மூடும் மெல்லிய சவ்வின் துண்டு, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் சுருண்டுவிடும் என்பதால், அதை வடிதாளில் விரித்து ஒட்டி அனுப்புவது நம் பொறுப்பு.)

என் மனக்குறை அறிக்கையைப் பற்றியது. "கீ-67: 30 சதவீதம்" என்று ஒற்றை வரி வருகிறது. இயல்பான வெண்படலத்தில், பிரிந்து பெருகும் செல்களைக் காட்டும் இந்தப் புரதம் அடி வரிசைச் செல்களிலும் அதையடுத்த வரிசையிலும் மட்டுமே தென்படும். செல்கள் புற்றை நோக்கி நிலைமாறத் தொடங்கும்போது அது மேலடுக்குகளுக்கு ஏறுகிறது. ஆகவே எத்தனை செல் என்பதைவிட எந்த அடுக்கு வரை என்பதே எனக்கு வேண்டியது, அதை எழுதுவதேயில்லை. பி53 அளவுக்கு மீறிப் படிந்தாலும் அறவே படியாவிட்டாலும் அந்தப் புரதத்தின் மரபணுவில் பிறழ்வைச் சந்தேகிக்க வேண்டியிருக்க, இரண்டாவது நிலையை "நெகட்டிவ்" என்று முடித்துவிடுகிறார்கள். வெயில் பட்ட டெரிஜியத்திலும் (கருவிழி மேல் வளரும், புற்றல்லாத சதைப் படலம்) பி53 படியும் என்ற எச்சரிக்கையும் இல்லை. பி16 ஏறியிருந்தால் "ஹெச்பிவி தொடர்புடையது" (மனித பாப்பிலோமா வைரஸால் வந்தது) என்று அச்சடித்த வாக்கியம் வந்து விழுகிறது. கருப்பைவாய்ப் புற்றில் அது ஓரளவு பொருந்தும். கண்ணில் பி16-ஐ மட்டும் வைத்து வைரஸைக் கணிப்பது நம்பத்தக்கதன்று, வைரஸின் மரபுப்பொருளையே தேடிப் பார்க்க வேண்டும்.

இரண்டு முறை எழுதிக் கேட்டும் அறிக்கையின் படிவம் மாறவில்லை. சேவையை நிறுத்த எனக்கு மனமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஸ்லைடுகளைத் திருப்பி வாங்கி, நுண்ணோக்கியில் நானே அடுக்கடுக்காகப் பார்த்த பின்புதான் நோயாளியிடம் பேசுகிறேன்.