டின்ஐ: படத்தின் பூர்வீகம் தேடித் தரும் தளம்

மழைக்காலம் வந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "நேற்று ராத்திரி வேளச்சேரியில்" என்று சாலை நடுவே முதலை படுத்திருக்கும் படம் ஒன்று வந்துவிடும். அனுப்புவது சித்தப்பாதான். இந்த முறை வாதாடாமல் படத்தை அப்படியே டின்ஐயில் (TinEye) ஏற்றினேன். 2008-இல் கனடாக்காரர்கள் தொடங்கிய தேடுபொறி இது. வார்த்தை எதுவும் தட்ட வேண்டாம், படத்தையே கொடுத்தால் அதே படம் இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும், ஓரத்தை வெட்டியிருந்தாலும் நிறத்தை மாற்றியிருந்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடும்.

எனக்குப் பிடித்ததே வரிசைப்படுத்தும் வசதிதான். பழையது முதலில் என்று மாற்றியதும், ஆறு வருடத்துக்கு முந்தைய தேதியோடு ஏதோ வெளிநாட்டுத் தளத்தில் நம்ம முதலை படுத்திருந்தது. ஒன்று கவனியுங்கள், அந்தத் தேதி படம் எடுத்த நாள் இல்லை, டின்ஐ அதை முதலில் கண்ட நாள். இது தெரியாமல் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

கூகுள் லென்ஸிடம் கேட்பது மாதிரி இது என்ன செடி, இந்தச் சேலை எங்கே கிடைக்கும் என்றெல்லாம் இதனிடம் கேட்க முடியாது. முகத்தை வைத்து ஆளைத் தேடவும் செய்யாது, அது நல்லதுதான். நம்மைப் போன்றவர்கள் பயன்படுத்தக் காசு கிடையாது, கணக்கும் தேவையில்லை.

அப்புறம் சித்தப்பாவுக்குச் சுட்டியை அனுப்பினேன். "சரிப்பா, முதலை நிஜம்தானே?" என்றார்.