லாரி டியூப், யு ஷேப் மிதவை டியூப்: கெளுத்தி தூண்டிலுக்கு ரெண்டையும் வருஷக்கணக்கா ஓட்டிப் பாத்த அனுபவம்

வடசென்னைல தூண்டில் போடுற பசங்க அடிக்கடி கேக்குறது, கரைல உக்காந்தே கெளுத்தி புடிக்கலாமா இல்ல டியூப் வேணுமா, வேணும்னா எது வாங்குறதுன்னு. என்கிட்ட ரெண்டு வகையும் இருக்கு, ஒண்ணு மாதவரம் பக்கம் பஞ்சர் கடைல எடுத்த ஆயிரம் இருபது சைஸ் லாரி டியூப், இன்னொண்ணு எங்க அக்கா வீட்டுக்காரர் அமெரிக்கால அயோவாலருந்து லீவுக்கு வந்தப்போ கொண்டாந்து குடுத்த யு ஷேப் மிதவை டியூப், காலத் தண்ணிக்குள்ள தொங்கவிட்டு உக்காந்து, பாதத்துல மாட்டுற நீச்சல் துடுப்பு, ஃபின்னு சொல்வாங்கல்ல, அத மாட்டி பின்னாடியே ஓட்டுற மாதிரி இருக்கும்ல அது. ரெண்டும் பல சீசன் பாத்துடுச்சு. கெளுத்திக்கு மட்டும்தான் சொல்றேன், விரால் ஜிலேபிக்கெல்லாம் கணக்கு வேற.

மாமா அந்த டியூப்ப அங்க எதுக்கு வச்சிருந்தாருன்னு மொதல்ல சொல்லிடுறேன், ஏன்னா நான் இங்க கத்துக்கிட்ட முக்கியமான விஷயமே அங்கருந்து வந்ததுதான். அங்க குளிர்காலத்துல ஏரி மேல ஐஸ் மூடிக்கும், அந்தக் குளிர் தாங்காம உள்ள கிசர்டு ஷாட்னு ஒரு மீனு கொத்துக் கொத்தா செத்துப்போகுமாம், மார்ச் மாசம் வாக்குல ஐஸ் உருகுனதும் செத்த மீனெல்லாம் மேல மெதக்கும், காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தக் கரைல போயி ஒதுங்கும். சேனல் கேட்ஃபிஷ்னு அந்த ஊர் கெளுத்தி அத்தன மாசம் சரியா திங்காம கெடந்துட்டு நேரா அந்தக் கரைக்குத் திங்க வந்துரும். இவரு டியூப்ல போயி கரைக்குக் கொஞ்சம் வெளிய நின்னுக்கிட்டு, அதே ஷாட் மீன துண்டு போட்டு தூண்டில் முள்ளுல குத்தி உள்ள வீசுவாரு. ஐஸ் உருகுன புதுசுல தண்ணி நாலஞ்சு டிகிரிதான் இருக்குமாம், நியோபிரீன் வேடரும், அதான் தண்ணி புகாத கெட்டி ரப்பர் பேண்ட், லைஃப் ஜாக்கெட்டும் இல்லாம எறங்குனா ஆளு வெறச்சுப்போய் மூச்சு அடச்சுக்கும்னு சொல்வாரு.

நமக்கு ஐஸும் இல்ல வேடரும் தேவையில்ல, ஆனா அந்தக் காத்து விஷயம் இருக்கு பாருங்க, அது அப்படியே இங்கயும் செட் ஆகுது. மார்கழி தைல வாடக்காத்து அடிக்கும்போது ஏரில மெதக்குற எல, செத்த பூச்சி, அழுகுன ஆகாயத்தாமர எல்லாம் தெக்கு, தென்மேக்கு கரைக்கு ஒதுங்கும். மாசி பொறந்ததும் மதியத்துக்கு மேல கடக்காத்து உள்ள வர ஆரம்பிச்சிரும், அப்ப குப்ப அப்படியே எடம் மாறி மேக்கு கரைக்குப் போகும், கெளுத்தியும் பின்னாடியே போகும். தைப்பனி தரையத் தொளைக்கும் மாசிப்பனி மச்சத் தொளைக்கும்னு சொல்ற அந்த நாள்ல விடியக்காலைல போனா மீனு மந்தமாத்தான் இருக்கும், புழு மேல படுத்துட்டு இருக்குமோன்னு தோணுற அளவுக்கு லேசாத்தான் இழுக்கும். ஆனா அதே மாசில சாயங்காலம் நாலு நாலர மணிக்கு மேல, நாளு பூரா வெயில் வாங்குன ஆழமில்லாத எடத்துக்கு ஏறி வரும்போது சூப்பரா எடுக்கும். தை கடைசிலருந்து பங்குனி பாதி வரைக்கும்தான் எனக்கு டியூப்புக்கு நல்ல சீசன், அதுக்கப்புறம் தண்ணி வத்திரும், கரைலயே போடலாம்.

கரைல இருந்து ஏன் பத்தலன்னா, காத்து ஒதுக்குற கரைல ஆகாயத்தாமர பாய் மாதிரி பத்து பதினஞ்சு அடிக்கு மூடிக்கிட்டு நிக்கும், அத தாண்டி வீசுனாலும் இழுக்கும்போது தூண்டில் நரம்பு வேருல சிக்கி முள்ளு போயிரும். கெளுத்தி இருக்குறதோ அந்தத் தாமரையோட வெளி ஓரத்துல அடில. டியூப்ல போனா ஓரத்துக்கு வெளிய நின்னு தண்ணிப் பக்கத்துலருந்து உள்ள பாத்து எறக்கலாம், வீசவே வேணாம், ஈயத்தோட நேரா கீழ விட்டா போதும். சத்தமும் இல்ல. படகுல பலக மேல கால் மாத்தி வச்சா கூட கீழ அதிரும், ரப்பர்ல அந்தப் பிரச்சனயே இல்ல. டியூப்புக்குக் காசு குடுக்குறது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்னு நான் சொல்வேன்.

இப்ப லாரி டியூப். நான் எடுத்தப்போ பழசு சல்லிசா கெடச்சுது, இப்ப வர்ற ட்ரெய்லர் நெறைய டியூப்லெஸ் ஆயிட்டதால நல்ல டியூப் கெடைக்கறதே கஷ்டமாகிட்டு வருது, மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டுப் பக்கம் பழைய லாரி பாக்குற கடைங்கள்ல கேட்டு வச்சா எப்பயாச்சும் மாட்டும். எனக்கு எடுத்துக் குடுத்த கடைக்காரரு தண்ணித் தொட்டில முக்கி சுத்திச் சுத்திக் காட்டிட்டு, “தம்பி, டயருக்குள்ள இருக்குற மாதிரி ஏத்தாத, வெளிய வச்சு ஏத்துனா ஒரு பக்கம் மட்டும் பொடச்சுக்கும், கைய வச்சு அமுக்குனா அமுங்கணும்”னாரு. அந்தப் பேச்சத்தான் இன்னிக்கு வரைக்கும் கடப்புடிக்கிறேன், ஒரே ஒரு ஹாட் பேட்சோட அது இன்னும் ஓடுதுன்னா அதான் காரணம். மதியம் வெயில்ல வச்சு டைட்டா ஏத்துனா காத்து விரிஞ்சு இன்னும் டைட் ஆகும், அதே டியூப்ப குளுந்த தண்ணில எறக்குனா தொளதொளன்னு ஆயிரும், அதனால நெழல்ல ஏத்தி, தண்ணில போட்டு கொஞ்ச நேரம் கழிச்சு அமுக்கிப் பாத்துட்டு கைப்பம்புல கொஞ்சம் சேத்துக்கணும்.

வால்வு பெரிய தொல்ல. அந்த வளஞ்ச பித்தள நெக்கு உள் வட்டத்துல இருக்கும், சரியா தொடைல வந்து குத்தும். பழைய சைக்கிள் டியூப்ப அதுமேல சுத்தி நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிட்டேன், சரியாப்போச்சு. உக்கார்றதுக்கு நடு ஓட்டைக்கு குறுக்க கயிறு பின்னுனா கயிறு ரப்பர அறுக்கும், அதனால கயிறு படுற எல்லா எடத்துலயும் பழைய பொடவ சுத்தி அதுக்கு மேல கட்டணும், நைலெக்ஸ் பொடவ வேணாம், வழுக்கும், காட்டன்தான் நிக்கும். துடுப்புக்கு ரெண்டு கைலயும் சின்னப் பலக. தூண்டில் கைல இருக்கும்போது துடுப்பு போட முடியாது, காத்து தள்ளிட்டே இருக்கும், அதனால ஒரு செங்கல்ல கயித்துல கட்டி நங்கூரமா எறக்கிக்கணும், லாரி டியூப்போட பெரிய கொற இதுதான்.

அந்த எடத்துலதான் யு ஷேப் டியூப், சுருக்கமா யு டியூப், ஜெயிக்குது. கால்ல ஃபின் போட்டு மெதுவா ஒதச்சுட்டே இருந்தா காத்துல எதுத்து அதே எடத்துல நிக்கலாம், ரெண்டு கையும் ஃப்ரீ. முதுகுக்கு சாய்மானம் இருக்கு, மடில மெஷ் துணி, முள்ளு ஈயம் வைக்க பக்கத்துல பை, மூணு மணி நேரம் உக்காந்தாலும் இடுப்பு வலிக்காது. காத்தறை தனித்தனியா இருக்கறதால ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும்ங்கிற தைரியம் லாரி டியூப்ல கெடையாது, அதுல ஒரே அறைதான், அதனால லாரி டியூப்ல போறவங்க லைஃப் ஜாக்கெட் இல்லாம எறங்கவே எறங்காதீங்க, நீச்சல் தெரிஞ்சாலும் சரி, தாமர வேரு கால்ல சுத்துனா நீச்சல் ஒதவாது.

ஆனா யு டியூப்ல காலு முட்டிக்கு மேல வரைக்கும் தண்ணிக்குள்ள இருக்கணும். நம்ம பக்கத்து ஏரி பாதில எங்கயோ ஒரு எடத்துல சாக்கடை கலக்குது, கால்ல ஒரு சின்ன வெட்டு இருந்தாலும் எலிக்காய்ச்சல் பயம் இருக்கு. வேடர் போட்டா நம்ம ஊரு வெக்கைல உள்ளயே வேர்த்து ஊத்தும், நான் முழு ட்ராக் பேண்ட், அதுக்குக் கீழ பழைய கேன்வாஸ் ஷூ, ஃபின் அதுக்கு மேல மாட்டுறேன், வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டு கழுவிருவேன். புண்ணு இருந்தா அன்னிக்கு லாரி டியூப்தான், அதுல கால தூக்கி மேல வச்சுக்கலாம். கரைல சீமக்கருவேல முள்ளு இருக்குற எடத்துல யு டியூப்ப தரைல இழுக்கவே கூடாது, தூக்கிட்டுத்தான் போகணும், துணி கவர் கெட்டியா இருந்தாலும் கருவேல முள்ளு எறங்கிரும். லாரி டியூப்ப உருட்டிட்டே போலாம்.

கெளுத்தியோட முள்ளுக்கு ரெண்டுமே தாங்குது. மார்த்துடுப்பு ரெண்டு பக்கமும் முதுகுல ஒண்ணும் முள்ளு இருக்கும், பயந்தா விரிச்சு லாக் பண்ணிக்கும், அப்ப மடில போட்டா நமக்குத்தான் குத்தும். ஈரச் சாக்கு ஒண்ணு மடில விரிச்சுக்கோங்க, மீன அதுல அமுக்கி, முள்ளுக்குப் பின்னாடி ரெண்டு வெரல் குடுத்துப் புடிங்க. தேளி மாட்டுச்சுன்னா இன்னும் ஜாக்கிரத, அதோட முள்ளுல வெஷம் இருக்கு, குத்துனா கை தோள் வரைக்கும் கடுக்கும். பொறுக்குற சூட்டுல வெந்நில கைய முக்கி வச்சிருந்தா வலி எறங்கும், அந்த வெஷம் சூட்டுல கெட்டுப்போற வகை, அதனால நான் ஃபிளாஸ்க்ல வெந்நி எடுத்துட்டுத்தான் போவேன். புடிச்ச மீன வலைப்பைல போட்டு தண்ணில தொங்கவிட்டா தண்ணிப்பாம்பு வரும், வெஷமில்ல, ஆனா தொடைக்குப் பக்கத்துல திடீர்னு பாத்தா ஆளு ஆடிருவோம், வாய் மூடுற டப்பா நல்லது.

ஆப்பிரிக்கன் கெளுத்தி மாட்டுனா தெரியும், டியூப்போட சேத்து நம்மள இழுத்துட்டுப் போகும், நரம்ப விட்டு விட்டுப் புடிக்கணும். 2000லயே தடை பண்ண மீனு அது, ஆனா திருட்டுத்தனமா வளத்து, வெள்ளத்துல குட்டைலருந்து தப்பிச்சு ஏரிக்கு வந்துருது, நாட்டுக் கெளுத்தி, விரால் குஞ்சு எதையும் விட்டு வைக்காது. பாவம்னு திருப்பி தண்ணில விட்ராதீங்க, தயவு செஞ்சு விட்ராதீங்க.

எண்ணூர் கழிமுகத்துலயும் ரெண்டையும் ஓட்டியிருக்கேன், அங்க உவர்த்தண்ணிக் கெளுத்தி சின்ன சைஸ்தான் ஆனா ருசி தனி, இறால் துண்டு போட்டா போதும். அங்க கடல் தண்ணி ஏறி எறங்குற ஏத்த வத்தம் பாத்துத்தான் எறங்கணும், வத்தம் இழுக்கும்போது டியூப் முகத்துவாரம் பாத்துப் போயிரும், ஃபின் போட்டு எதுக்க முடியாது. ஏத்தம் வர ஆரம்பிச்ச பின்னாடி மட்டும் எறங்குங்க, காட்டுக்குப்பம் ஆளுங்க வல கட்டியிருக்குற பாடு பக்கம் போகாதீங்க, அது அவங்க முறை வச்சு பொழைக்குற எடம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வா வழியா கழிமுகத்துக்கு வந்துச்சே, வல படகு எல்லாம் கருப்பாகி ஜனங்க கையாலயே எண்ணெய அள்ளுனத நெனச்சா இன்னிக்கும் வயிறு எரியுது. என் மொத லாரி டியூப் அப்ப அங்க ஒரு அண்ணன் வீட்டுப் பின்னாடிதான் கெடந்துச்சு, ரப்பர் ஊறி உப்பி கை வச்சா ஒட்டுச்சு, தூக்கிப் போட வேண்டியதாப்போச்சு. லாரி டியூப் பியூட்டைல் ரப்பர், காத்த மாசக்கணக்குல உள்ள வச்சிருக்கும், ஆனா பெட்ரோலிய எண்ணெய் அதுக்கு ஆகாது. இப்ப கழிமுகத்துல போயிட்டு வந்தா ரெண்டு டியூப்பையும் சோப்புத் தண்ணில கழுவாம வைக்கறதில்ல, யு டியூப்போட ஜிப்புக்கும் அதான் மருந்து, உப்பு காஞ்சு ஒக்காந்துட்டா ஜிப் நகராது, என்னோடதுல ஒரு பக்க ஜிப் போயி தையக்கடைல புதுசு வச்சேன்.

எங்க எறங்குறதுன்னு கேட்டா, புழல் மாதிரி குடிதண்ணி ஏரில எறங்கவே கூடாது. மத்த ஏரிங்கள்ல மீன் குத்தகை யாருதுன்னு கேட்டு அவர்கிட்ட சொல்லிட்டுப் போங்க, என் அனுபவத்துல மரியாதையா கேட்டா தூண்டிலுக்கு ஒத்துக்குறாங்க, வலைன்னாதான் சண்ட. மழ நேரத்துல ஏரி நெறஞ்சு கலங்கல் வழியா தண்ணி ஓடும்போது டியூப்ப வீட்ல வைங்க. தாமர பாய் காத்துல நகந்து வந்து நம்மளச் சுத்தி மூடிரும், உள்ள மாட்டுனா துடுப்பும் ஓடாது ஃபின்னும் ஓடாது, அதனால தாமரைக்கும் கரைக்கும் நடுவுல எப்பயும் போகாதீங்க, வெளிப்பக்கமே நில்லுங்க.

புதுசா ஆரம்பிக்குறவங்க மொதல்ல லாரி டியூப்பே எடுங்க, ரெண்டு சீசன் போயும் ஆச விடலன்னா யு டியூப் வாங்கலாம், வாங்கும்போது எத்தன கிலோ தாங்கும்னு பாத்து உங்க எடையோட மீனு, சாமான், நனஞ்ச துணி எல்லாம் சேத்துக் கணக்குப் போடுங்க. சீசன் முடிஞ்சதும் ரெண்டையும் நல்லா காய வச்சு, மேல டால்கம் பவுடர் தூவி, பாதி காத்தோட வெயில் படாத எடத்துல படுக்கவச்சு வைங்க, ஆணில மாட்டுனா தொங்குற மடிப்புலயே வெடிப்பு விடும்.