குடியிருப்பு விதி மாற்றக் கருத்துக்கேட்புக் கூட்டம்: ஐந்துக்கு இரண்டு

எந்தப் பகுதியில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்று சொல்கிற குடியிருப்பு மண்டல விதியை மாற்றப் போகிறோம் என்று அறிவித்துவிட்டு நகர நிர்வாகங்கள் நடத்துகிற கருத்துக்கேட்புக் கூட்டமும் ஒரு சேவைதான். வரிப்பணத்தில் நடக்கிறது, பயனாளிகள் நாம்தான், ஆனால் இதற்கு யாரும் ரிவ்யூ எழுதுவதில்லை. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு இரண்டு. மீதி மூன்று எங்கே போனது என்பதற்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அறிவிப்பு. 'குடியிருப்பு மண்டலத்தில் தளப்பரப்பு குறியீடு 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தப்பட உத்தேசம்' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு வரை, எல்லாத் தளங்களையும் சேர்த்து, கட்டலாம் என்பதுதான் அந்தக் குறியீடு. அந்த வரியைப் படித்துவிட்டுப் பக்கத்து மனையில் என்ன எழும்பும் என்று யாராலும் ஊகிக்க முடியாது. கூட்டத்தில் முக்கால்வாசி நேரம் அந்த ஒரு எண்ணை வைத்தே சண்டை நடக்கும். ஊரே கான்கிரீட் காடாகிவிடும் என்று ஒரு தரப்பு, வீட்டுப் பஞ்சமே தீர்ந்துவிடும் என்று இன்னொரு தரப்பு. காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் பல நேரம் இரண்டுமே நடக்காது என்று தெரியும்.

9 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம் உள்ள ஒரு மனை, அதாவது 108 சதுர மீட்டர். குறியீடு 2 என்றால் 216 சதுர மீட்டர் கட்டலாம். ஆனால் அதே விதிப் புத்தகத்தில் முன்பக்கம் 3 மீட்டர், மற்ற மூன்று பக்கமும் ஒன்றரை மீட்டர் செட்பேக், அதாவது கட்டாமல் காலியிடம், விட வேண்டும் என்று இருந்தால், கட்ட மிஞ்சுவது 6-க்கு 7.5, வெறும் 45 சதுர மீட்டர்தான். உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது என்றால் மூன்று தளம், ஆக 135. வீட்டுக்கு ஒரு கார் பார்க்கிங் கட்டாயம் என்று வைத்தால் தரைத்தளமும் போச்சு, 90-தான் மிச்சம். பழைய 1.5 குறியீட்டிலேயே 162 வரை அனுமதி இருந்தது, அதையே இந்த மனையில் எட்ட முடியவில்லை! அப்புறம் 2 என்று உயர்த்தி யாருக்கு என்ன லாபம், யாருக்கு என்ன நஷ்டம்? செட்பேக், உயரம், பார்க்கிங் இந்த மூன்றும்தான் வீட்டின் அளவைத் தீர்மானிக்கின்றன, ஆனால் அவை பின்னிணைப்பில் அட்டவணையாகக் கிடக்கும். ஒரு மாதிரி மனையில் பழைய விதிப்படி இது, புதிய விதிப்படி இது என்று இரண்டு படம் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தால் பாதிச் சண்டை நடந்தே இருக்காது. இதற்கே ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டேன்.

அடுத்தது, யார் வருகிறார்கள் என்பது. வேலை நாளில் கூட்டம் வைத்தால் யாரால் வர முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. போஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸ் மாநில ஊர்களின் கூட்டக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். பேச வந்தவர்களில் வயதானவர்களும், சொந்த வீட்டுக்காரர்களும், நெடுநாளாக அங்கேயே இருப்பவர்களும்தான் அதிகம். புதிய வீடுகளை ஆதரித்துப் பேசியவர்கள் சுமார் 15 சதவீதம். வாடகைக்கு இருப்பவரும், அந்த வீடு கட்டப்பட்டால் குடிவரப் போகிறவரும் பெரும்பாலும் அறையிலேயே இல்லை. இல்லாதவரின் குரலைப் பதிவு செய்ய இந்தச் சேவையில் எந்த வசதியும் கிடையாது.

எதிர்ப்பவர்களை வில்லனாக்கவும் எனக்கு மனமில்லை. 1915-இல் நியூயார்க்கில் எழும்பிய ஈக்விட்டபிள் கட்டடம் 38 மாடியோடு நேராக மேலே போய் சுற்றுத் தெருக்களின் வெளிச்சத்தை மறைத்தது, மறு ஆண்டே அந்த நகரம் முழுவதற்குமான மண்டல விதிகள் வந்தன. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் 1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மண்டல விதிகளுக்குப் பச்சைக்கொடி காட்டிய யூக்ளிட் வழக்குத் தீர்ப்பிலேயே, தனி வீடுகள் உள்ள பகுதிக்கு வரும் அடுக்குமாடி ஒட்டுண்ணி என்று எழுதிவைத்தார்கள். வெளிச்சம், சாக்கடை, தண்ணீர் என்று கேட்டால் பொறியாளர் பதில் சொல்லலாம். 'எங்கள் ஏரியாவின் தன்மை கெட்டுவிடும்' என்று சொன்னால் யார் என்ன பதில் சொல்வது? கூட்டத்தில் இரண்டுக்கும் பேசக் கிடைப்பது அதே மூன்று நிமிடம்தான். கடைசியில் அறிக்கையில் எல்லாவற்றுக்கும் எதிரே 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று ஒரே பதில். அடுத்த மதிப்பெண் இங்கே போனது.

மூன்றாவது போனது நேரத்தால். விதியை ஒருமுறை விவாதித்து முடிவு செய்துவிட்டு, பிறகு அதற்குள் அடங்குகிற ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி கூட்டம் போடுகிற ஊர்களில் விதி எதற்கு இருக்கிறது என்றே புரியவில்லை. ஜப்பானில் தேசியச் சட்டம் வரையறுக்கிற 13 வகை மண்டலங்கள்தான், சாதாரண வீடு அதற்குள் அடங்கினால் சரிபார்த்து அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் மண்டலச் சட்டமே கிடையாது, இருந்தாலும் குறைந்தபட்ச மனை அளவு இருந்தது. 1998-இல் நகரின் மையப் பகுதியில் அதை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 வரை இறக்கினார்கள். வேண்டாம் என்ற தெருக்கள் மனுப் போட்டு விலகிக்கொள்ளவும் வழி வைத்தார்கள், அதனால் எதிர்ப்பு ஊர் முழுக்கப் பரவாமல் அந்தந்தத் தெருவோடு நின்றது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

சரி, அந்த இரண்டு மதிப்பெண் எதற்கு? ஒன்று, யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம், காசு வாங்குவதில்லை. இன்னொன்று, வரைவு நிலையில் நடக்கிற கூட்டத்துக்கு. அங்கே உண்மையிலேயே வரிகள் மாறுகின்றன. கட்டாய பார்க்கிங்கை அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இல் ஊர் முழுக்க நீக்கியது புதிய விதித்தொகுப்பை எழுதியபோதுதான்.

போக நினைப்பவர்கள் பக்கத்துக் கட்டடம் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டாம், வரைவு வந்ததும் போங்கள். உங்கள் மனை அளவை வைத்து மேலே சொன்ன கணக்கைப் போட்டு, செட்பேக் அட்டவணையின் எந்த வரியை மாற்றச் சொல்கிறீர்கள் என்று எழுத்திலும் கொடுத்துவிடுங்கள். வாய்ப்பேச்சை மூன்று வார்த்தையில் சுருக்கிவிடுவார்கள், எழுதிக் கொடுத்தது அப்படியே கோப்பில் இருக்கும்.